டாம்–சப் உறவு இணையத்தில் தொடங்கினால் ஆளை எப்படி எடைபோடுவது

பாலக்கோட்டில் ஒருவர், ஓசூரில் ஒருவர். டெலிகிராமில் பேச்சு தொடங்குகிறது. ஒருவர் டாம், கட்டளையிடுபவர். மற்றவர் சப், அதற்கு விரும்பி உட்படுபவர். இருவரும் ஒப்புக்கொண்டு ஆடும் இந்த ஆதிக்க விளையாட்டு பிடிஎஸ்எம் என்பதில் ஒரு வகை. இருவருக்கும் 18 வயது தாண்டியிருக்க வேண்டும். அதில் துளி சந்தேகம் வந்தாலும் பேச்சு அங்கேயே முடிந்தது.

நம் பக்கத்தில் யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் யாராவது ஒரு சித்தப்பா நின்றுகொண்டிருப்பார். அந்த பயம் நியாயமானது. ஆகவே பெயரை மறைப்பதை மோசடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருமணமானதை மறைப்பது, வயதைக் குறைப்பது, நாலு வீடியோ பார்த்துவிட்டு ‘பத்து வருஷ அனுபவம்’ என்பது, இவைதான் மோசடி. ஆதார் கேட்காதீர்கள், கேட்டால் கொடுக்காதீர்கள். ஆதார் அட்டை ஒருவருடைய குணத்தைச் சொல்லாது.

குணத்தைப் பார்க்க முதல் வாரத்திலேயே மூன்று சின்ன ‘வேண்டாம்’ சொல்லிப் பாருங்கள். போட்டோ கேட்டால், ‘இன்னைக்கு வேண்டாம்’. இரவு பேச்சு நீண்டால், ‘பத்து மணிக்கு மேல பேச மாட்டேன்’. ஏதாவது ஒரு சொல் உறுத்தினால், ‘அதைச் சொல்லாதீங்க’. ‘சரி’ என்று விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து அதையே வேறு உருவத்தில் கொண்டுவராதவரோடு மேற்கொண்டு பேசலாம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டு நாள் பதில் போடாமல் இருப்பவர், ‘நிஜமான சப்புக்கு எல்லையே கிடையாது’ என்று பாடம் எடுப்பவர், ‘சேஃப்வேர்டெல்லாம் (சொன்னதும் விளையாட்டை நிறுத்தும் சொல்) புதுசா வர்றவங்களுக்கு’ என்பவர், இவர்களிடம் நான்காவது முறை சோதிக்க வேண்டியதில்லை. இது டாமுக்கும் பொருந்தும். டாம் மறுத்த ஒன்றைக் கெஞ்சியும் சீண்டியும் செய்யவைக்கப் பார்க்கும் சப்பும் எல்லையை மதிக்காத ஆள்தான்.

அடுத்தது விளிச்சொல். இதை ஆங்கில வழிகாட்டிகளில் தேடினால் கிடைக்காது. தமிழில் ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’க்கு இறங்குவதே ஒரு அதிகார மாற்றம். அதையே விளையாட்டின் வாசற்படியாக வைத்துக்கொள்ளலாம்: சாதாரணப் பேச்சில் இருவரும் ‘வாங்க, போங்க’, ஒப்புக்கொண்ட நேரத்துக்குள் மட்டும் டாம் ‘வா, போ’, முடிந்ததும் இருவரும் மீண்டும் ‘நீங்க’. எந்த நேரத்தில் எந்தப் பேச்சு என்ற குழப்பமே வராது. முதல் மெசேஜிலேயே ‘என்னடி பண்றே’ என்று வருபவர் கேட்காமலே கதவைத் தள்ளுகிறார்.

‘ஐயா’, ‘சாமி’, ‘ஆண்டை’ போன்ற சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். பண்ணைவேலையின், சாதியின் சுமை இவற்றில் இருக்கிறது. சிலருக்கு அது தாத்தா பாட்டி காலத்துக் காயம். ‘சார்’ சொல்வதில் இல்லாத வலி ‘ஆண்டை’ சொல்வதில் இருக்கலாம். இழிவுபடுத்தும் பேச்சு பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் சாதி, நிறம், உடம்புக் குறை, பெற்றோர் ஆகிய நான்கும் உள்ளே வருமா வராதா என்று தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். பதில் வரவில்லையென்றால் அவை உள்ளே வராது என்று அர்த்தம்.

இதையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்வது நல்லது. ‘சரி’, ‘யோசிக்கலாம்’, ‘கூடவே கூடாது’ என்று மூன்று பகுதி போதும். ‘யோசிக்கலாம்’ பகுதியில் இருப்பதை விளையாட்டின் நடுவே, ஆசை ஏறிய நேரத்தில், ‘சரி’க்கு மாற்றக் கூடாது, மறுநாள் நிதானமாகப் பேசி மாற்றுங்கள். ‘அடிமை ஒப்பந்தம்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னால் அது வெறும் விளையாட்டுக் காகிதம், சட்டத்தின் முன் நிற்காது. ஆனால் சொந்தப் பெயரில் போட்ட கையெழுத்து மிரட்டுவதற்கு நன்றாகவே நிற்கும்.

உங்களை நீங்கள் மறைப்பதில் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் போன் நம்பர். அந்த நம்பர் யுபிஐயோடு இணைந்திருந்தால், ஆப்பில் அதைப் போட்டாலே வங்கிக் கணக்கில் உள்ள முழுப்பெயர் வந்து நிற்கும். ‘சும்மா ஒரு ரூபாய் அனுப்புங்க’ என்பதும் அதற்காகத்தான் இருக்கும். ட்ரூகாலர் இன்னொரு ஓட்டை. டெலிகிராமில் பிரைவசி அமைப்புக்குப் போய் ‘போன் நம்பரை யார் பார்க்கலாம்’ என்பதில் ‘யாரும் இல்லை’, ‘நம்பரை வைத்து யார் கண்டுபிடிக்கலாம்’ என்பதில் ‘என் கான்டாக்ட்’ என்று மாற்றுங்கள். இன்ஸ்டாகிராமில் இதற்கென்று தனிக் கணக்கு தொடங்கினால் கான்டாக்ட் இணைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தை மகனுக்கே உங்களைப் பரிந்துரைக்கும்.

போட்டோவில் முகத்தை வெட்டிவிட்டு, பின்னால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை விட்டுவிடுகிறார்கள். அதில் நகைக்கடைப் பெயர், தெருப் பெயர், போன் நம்பர் எல்லாம் இருக்கும்! பைக் நம்பர் பிளேட், காலேஜ் பை, ஜன்னல் வழியே தெரியும் மலை, கையில் பச்சை குத்தியது, இவற்றையும் பாருங்கள். வாய்ஸ் மெசேஜில் பின்னணியில் கோயில் மைக்கில் ஊர்ப்பெயர் சொல்லி அறிவிப்பு ஓடும். போட்டோவை ‘ஃபைல்’ ஆக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் அதோடு போகலாம். கேமரா அமைப்பில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதியை நம்பாதீர்கள். பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் எடுக்க ஒரு நொடி போதும்.

எதிரில் இருப்பவர் நிஜ ஆள்தானா என்று பார்க்க: அனுப்பிய படத்தை கூகுள் லென்ஸில் தேடுங்கள். பிறகு ஐந்து நிமிட வீடியோ கால், உடை, உடம்பு பற்றிய பேச்சே இல்லாமல். கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள், முழுதாகப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள்; போலி முகமாக இருந்தால் அங்கே கலைவது தெரியலாம். முகம் காட்டத் தயக்கமென்றால் குரல் மட்டும் போதும், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே விதி. நான் காட்ட மாட்டேன், நீ காட்டு என்பது ஆதிக்கம் அல்ல, திருட்டுக்கு முன்னேற்பாடு. ‘பயிற்சிக் கட்டணம்’, ‘காணிக்கை’, அவசர ஆஸ்பத்திரிச் செலவு என்று பணம் கேட்டால் அதோடு முடித்துவிடலாம்.

போனிலேயே விளையாடுகிறீர்கள் என்றால், பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற மூன்று சொல் போதும்: தொடரலாம், மெதுவாக, நிறுத்து. வீடியோவில் பேச முடியாத நிலையென்றால் விரித்த உள்ளங்கை சிவப்பு. பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்க மலைக்கிராமங்களில் சிக்னல் நடுவில் போய்விடும். லைன் அறுந்தால் விளையாட்டு முடிந்தது என்றும், பத்து நிமிடத்துக்குள் ‘நல்லா இருக்கேன்’ என்று மெசேஜ் வர வேண்டும் என்றும் முன்பே பேசிவையுங்கள். தனியாக இருக்கும் ஒருவரிடம் தன்னைத்தானே கயிற்றால் கட்டிக்கொள்ளச் சொல்லக் கூடாது. முடிச்சு இறுகினால் அவிழ்க்க ஆள் இல்லை. கழுத்தில் எதையும் சுற்றுவது, மூச்சை அடக்கச் சொல்வது, இரண்டுக்கும் பாதுகாப்பான முறை என்று ஒன்றில்லை. துணி கிளிப் போடுவதென்றால் சில நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போதுதான் அதிகம் வலிக்கும். மரத்துப்போனால் உடனே எடுங்கள்.

முடிந்ததும் போனை உடனே துண்டித்துவிட்டுப் போகாமல் இருபது நிமிடம் சாதாரணமாகப் பேசுங்கள். மனம் இறங்கிப்போவது அன்றே நடக்கும் என்றில்லை, மறுநாளோ அதற்கடுத்த நாளோ கூட வரும். டாமுக்கும் வரும். மறுநாள் காலை ‘சாப்ட்டீங்களா?’ என்று ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள்.

நேரில் சந்திப்பது குறைந்தது சில வாரங்கள் கழித்து. பகல் நேரம், ஜனம் இருக்கும் இடம், முதல் சந்திப்பில் விளையாட்டு கிடையாது, மது கிடையாது. லாட்ஜ் வேண்டாம், ஒகேனக்கல் வேண்டாம். திரும்பும் வழி உங்கள் கையில் இருக்காது. வெளியூர்க்காரர்கள் நிறைந்த ஓசூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையோ ஹோட்டலோ வசதி. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி அணைப் பூங்காவும் பரவாயில்லை, ஆனால் உறவினர் கண்ணில் படலாம். அவரவர் பஸ்ஸில் போய் அவரவர் பஸ்ஸில் திரும்புங்கள். விஷயம் தெரிந்த ஒரே ஒரு நண்பரை, சொன்ன நேரத்தில் போன் செய்யச் சொல்லுங்கள். ‘மாங்கா வாங்கிட்டேன்’ என்றால் எல்லாம் சரி, ‘மாங்கா கிடைக்கலை’ என்றால் உடனே வரவேண்டும் என்பதுபோல ஒரு குறிப்புச் சொல் வைத்துக்கொள்ளலாம்.

படத்தை வைத்து மிரட்டினால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரம் இருமடங்கு கேட்பார்கள். பயத்தில் சாட் பதிவுகளை அழித்துவிடவும் வேண்டாம். ஐடி, ப்ரொஃபைல் லிங்க், யுபிஐ முகவரி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன்பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நீங்களாக அனுப்பிய படம் என்பது பரப்புவதற்கான சம்மதம் ஆகாது. ‘ஸ்டாப்என்சிஐஐ’ தளத்தில் படத்தைப் பதிவேற்றாமலே அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் கொடுக்கலாம். அதோடு இணைந்த சமூக வலைதளங்கள் அந்தப் படத்தைத் தடுக்கும். மனம் உடைந்திருந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். புகாரில் பிடிஎஸ்எம் என்ற சொல்லையே எழுத வேண்டியதில்லை. ‘அறிமுகமானவர் படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டுகிறார்’ என்று எழுதினால் போதும்.