வெங்காயம் கொட்டிலில் அழுகுதா? மூக்கையும் விரலையும் வைத்துக் கண்டுபிடிப்போம்

கோடை வெங்காயத்தைப் பிடுங்கி, பிடி பிடியாகக் கட்டி, கொட்டிலில் தொங்கவிட்டதும் வேலை முடிந்தது என்று வன்னியில் புதிதாகத் தோட்டம் செய்கிறவர்கள் நினைத்துவிடுவார்கள். சில வாரம் போனதும் புளித்த நாத்தம் வரும். உடனே பழி கொட்டிலின் மேல் விழும். பக்டீரியா அழுகல் பெரும்பாலும் தோட்டத்திலேயே, தாளும் குமிழும் சேரும் கழுத்து வழியாக உள்ளே போயிருக்கும். வெக்கையில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி, சேமிப்பதற்கு முந்திய வேலை.

முதலில் நோயைப் பிரித்து அறியுங்கள். சந்தேகமான குமிழின் கழுத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விடலாம். மெத்தென்றால் நெடுக்காக வெட்டுங்கள். வெளிப்பக்கத்துச் சதையிதழ்கள் மஞ்சள் கலந்த பழுப்பாக வழுவழுத்து, நடுப்பகுதி மட்டும் கெட்டியாக, வினாகிரி போல மணந்தால் அது புளிப்புத்தோல் அழுகல். பேர்கொல்டேரியா செபேசியா என்ற பக்டீரியாவின் வேலை. 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் அதற்குக் கொண்டாட்டம். நம்முடைய கோடையைக் கேட்கவா வேண்டும்!

வெளியே நல்லாக இருந்து, அடியை அமுக்கும்போது அவிந்தது போன்ற உள்பகுதி கழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தால், அது அதே குடும்பத்து இன்னொரு பக்டீரியா. முழுக்கக் கூழாகி, மூக்கைப் பொத்த வைக்கும் நாத்தம் அடித்தால் மென்னழுகல். பெக்டோபக்டீரியம் வகை, சதையின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைப்பதால்தான் அந்தக் கூழ்.

தோலுக்கு அடியில் கறுப்புத் தூள் மட்டும் இருந்தால் அது பங்கசு, வேறு கதை. பக்டீரியா அழுகலுக்குப் பங்கசுநாசினி அடிப்பது காசைக் கரியாக்குவது. குமிழுக்குள் போன பக்டீரியாவைக் குணப்படுத்த மருந்தே இல்லை.

சரி, அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? குமிழ் பருக்கத் தொடங்கியபின் யூரியா போடாதீர்கள். நைதரசன் கூடினால் கழுத்து தடிக்கும், தடித்த கழுத்து காயாது. ஸ்பிரிங்ளரால் தாளின் மேல் தண்ணீர் விழுவதையும் அப்போது தவிர்க்கலாம், ஏனென்றால் தாளின் கவட்டில் தேங்கும் நீரில்தான் பக்டீரியா உள்ளே இறங்குகிறது. பிடுங்குவதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள்.

தாள்களில் பாதிக்கு மேல் சாய்ந்தபின், மழை இல்லாத நாளாகப் பார்த்துப் பிடுங்க வேண்டும். விலை ஏறிவிட்டதென்று பச்சைத் தாளோடு பிடுங்கினால் அதை அப்படியே விற்றுவிடுங்கள், சேமிக்க நினைக்காதீர்கள். மண்வெட்டி பட்டதும் எறிந்து அடிபட்டதும் அன்றைக்கே சமையலுக்கு.

உலர்த்துவதுதான் முக்கியமான கட்டம். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசைக் குமிழை மூடும்படி பரப்புங்கள். உச்சி வெயில் நேரே பட்டால் குமிழ் வெந்துபோகும், வெந்த இடம் அழுகலுக்கு வாசல். சோளகம் வீசும் நாட்களில் நிழலில் வைத்தாலே நன்றாகக் காயும். கழுத்தை இரு விரலுக்கு நடுவில் உருட்டும்போது வழுக்காமல் சருகு போல இருக்க வேண்டும். அதுவரை தாளை வெட்டவே கூடாது. பச்சைக் கழுத்தை வெட்டினால் அந்த வெட்டுவாயே பக்டீரியாவுக்குப் பாதை.

அப்புறம் கொட்டில். கிடுகுக் கூரை நல்லது, தகரம் என்றால் கீழே கிடுகு கட்டுங்கள். பிடிகளுக்கிடையில் காற்று ஓட வேண்டும். உரப்பையில் அடைத்து வாயைக் கட்டுவதும் சீமெந்து நிலத்தில் குவிப்பதும் வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். வாரம் ஒருமுறை மோந்து பார்த்து, அழுகியதையும் அதன் சாறு பட்டதையும் எடுத்துவிடுங்கள்.

எடுத்ததைத் தோட்டத்துக்குள் எறியாமல் தள்ளிப்போய் ஆழமாகப் புதையுங்கள். அந்தப் பிடியிலிருந்து விதை வெங்காயமும் எடுக்காதீர்கள். அழுகல் வந்த தோட்டத் துண்டில் அடுத்த போகம் சோளமோ குரக்கனோ போடலாம். உருளைக்கிழங்கும் கரட்டும் வேண்டாம், மென்னழுகல் அவற்றையும் விடாது.