‘குரோம் பிளேட்டிங்’ என்று எழுதாமல் ஸ்பிரே குரோமை விற்பது எப்படி

கவரிங் நகை வாங்கியவர் தாம் ஏமாற்றப்பட்டதாகச் சொல்வதில்லை. கடைப் பலகையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. மதுரையில் ஸ்பிரே குரோம் பட்டறை தொடங்குகிறவர் அந்தப் பலகையை ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வருவது நல்லது. தொட்டியில் மின்சாரம் செலுத்தி, நிக்கலின் மேல் குரோமியம் படியச் செய்வதுதான் குரோம் பிளேட்டிங். நாம் செய்வதோ, பெயின்ட் அடித்த பரப்பில் சில்வர் நைட்ரேட் கரைசலையும் அதை வெள்ளியாக மாற்றும் மற்றொரு கரைசலையும் ஒரே நேரத்தில் தெளித்து, கண்ணாடிபோல் படியும் வெள்ளியை கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேற்பூச்சால் மூடுவது. இதில் குரோமியம் துளியும் இல்லை. ஆகவே பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் ‘ஸ்பிரே குரோம்’ என்றோ ‘குரோம் போன்ற பளபளப்பு’ என்றோ எழுதுங்கள். ‘பிளேட்டிங்’ என்ற சொல் வேண்டாம்.

பெரிய எழுத்தில் தமிழில் ‘குரோம் பிளேட்டிங்’ என்று போட்டுவிட்டு, மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் உண்மையைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் பொறுப்புத் துறப்பும் இருக்க வேண்டும். தவறான வாசகத்தைத் திருத்தும் வேலைக்கு அதைப் பயன்படுத்தவும் கூடாது. சட்டம் இருக்கட்டும், புல்லட் வைத்திருக்கும் இளைஞரிடம் மின்சாரம் பாய்கிறதா என்று சோதிக்கும் ஒரு மல்டிமீட்டர் இருந்தாலே போதும்: அசல் முலாமில் இரு முனைகளையும் வைத்தால் ஒலி எழும், கிளியர் கோட்டின் மேல் எழாது.

“அண்ணே, இது ஒரிஜினல் குரோமா?” என்று அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்வதால் வியாபாரம் கெடும் என்பது என் அனுபவத்தில் வீண் பயம். பிளாஸ்டிக், மரம், ஃபைபர் என எதன்மேலும் இதைச் செய்யலாம். கிளியரில் சாயம் கலந்தால் தங்க நிறமும் நீல நிறமும் கிடைக்கும். மின்முலாம் தொட்டியில் நச்சுத்தன்மையால் அஞ்சப்படும் அறுஇணைதிறன் குரோமியம் இதில் இல்லை. வண்டிக் கண்ணாடியின் கூடு, ஹெட்லைட் வளையம், கடைப் பெயர் எழுத்துகள், பரிசுக் கோப்பைகள், மண்டப மேடை அலங்காரம் ஆகியவற்றை முன்னிறுத்தி இந்தச் சிறப்புகளை விளம்பரப்படுத்துங்கள்.

மறுக்க வேண்டிய வேலைகளையும் அதே துண்டறிக்கையில் அச்சிடுங்கள். சைலன்சரின் சூட்டில் கிளியர் மஞ்சளித்துக் கருகும். சமையல் பாத்திரமும், திரி எரியும் குத்துவிளக்கும் கூடவே கூடாது. விளக்குக் கொண்டுவரும் அம்மாவிடம் பித்தளைப் பாலிஷ் போடும் கடையைக் காட்டி அனுப்பிவிடலாம்.

படங்கள் தனிச் சிக்கல். விளக்கொளியில், முடித்த அன்றே எடுத்த படத்தில் எந்த வேலையும் அசலாகவே தெரியும். எனவே ஒரே தகட்டில் பாதியை மறைத்து, மீதிப் பாதியைச் சித்திரையிலிருந்து ஆவணி வரை மொட்டைமாடி வெயிலில் போட்டு வையுங்கள். பிறகு இரண்டு பாதிகளையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் படமெடுத்து, தகட்டையும் வாடிக்கையாளர் எட்டிப் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். அக்கினி நட்சத்திரத்தைத் தாண்டிய தகட்டைவிட நம்பகமான விளம்பரம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒருவேளை அது மங்கியிருந்தால், விளம்பரத்தை நிறுத்திவிட்டுக் கிளியரை மாற்றுங்கள்.

பராமரிப்பையும் விலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும், அதற்கும் பட்டறையைத்தான் குறை சொல்வார்கள். பில்லில் இப்படி எழுதலாம்: ‘ஸ்பிரே முறையில் வெள்ளிப் படலம், மேலே கிளியர் கோட். மின்முலாம் அன்று. உரிந்தால் ஆறு மாதத்துக்குள் இலவசமாகச் சரிசெய்யப்படும். கீறல், கல்லடி, சூடு ஆகியவற்றுக்குப் பொருந்தாது.’ ஆறு மாதம் என்பது ஓர் எடுத்துக்காட்டுதான். உங்கள் மொட்டைமாடித் தகடு எத்தனை மாதம் தாங்கியதோ, அதற்குக் குறைவாகவே எழுதுங்கள்.