கெக்கோ சாப்பிடவில்லையா? முதலில் வாலைப் பாருங்கள்

வீட்டில் வளர்க்கும் பல்லி வகையான லெப்பர்ட் கெக்கோ நாலைந்து நாள் இரையைத் தொடாவிட்டால் பதறாதீர்கள். வால் தடிமனாக இருந்தால் தாங்கும். கொழுப்பை அங்கேதான் சேர்த்து வைக்கும். மேல்தோல் வெளுத்திருந்தால் உரிக்கப்போகிறது, அதுவரை வாய் வைக்காமல் இருக்கலாம்.

பெரும்பாலும் கோளாறு சூட்டில்தான். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பகல் வெக்கையை நம்பி, தொட்டிக்கு அடியில் சூடேற்றும் ஹீட் மேட்டை அணைத்தால், மழை இரவில் தின்றது செரிக்காது, பசியும் எடுக்காது. சூடான மறைவிடத்தின் தரை 31–33 டிகிரி செல்சியஸ் வேண்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. கண்ணாடியில் ஒட்டும் வட்டத் தெர்மோமீட்டர் தரைச்சூட்டைக் காட்டாது; சென்சாரைத் தரையிலேயே வையுங்கள்.

இரை, கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக்கூடாது. செம்பனைத் தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம், மருந்தடித்திருப்பார்கள். மிஞ்சிய சுவர்க்கோழியை இரவில் எடுத்துவிடுங்கள், கெக்கோவையே கடிக்கும்.

வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுங்கள். எடை 10 விழுக்காடு குறைந்தால் புது எச்சத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.