தொற்றுநோய் வார்டில் பணியாளர் சோர்வு: டியூட்டி பட்டியலைத்தான் முதலில் திருத்த வேண்டும்

நைட் டியூட்டி முடித்த ஸ்டாஃப் நர்ஸைக் காலை 9 மணிக்கு உட்காரவைத்து மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றி வகுப்பு எடுக்காதீர்கள். வகுப்பில் போகும் அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கத்தை விட்டால் அன்றைக்கு அவருக்கு வேறு மருந்து கிடையாது. தொற்றுநோய் பரவும் காலத்தில் வார்டுப் பணியாளர்களிடம் தெரியும் எரிச்சல், அழுகை, மறதி, மரத்துப்போன முகம் ஆகியவற்றில் பெரும்பகுதி தூக்கமும் ஓய்வும் பறிபோனதால் வருவது. அதைச் சரிசெய்யும் அதிகாரம் டியூட்டி பட்டியல் போடுபவரின் கையில் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி முதலில் நர்சிங் சூப்பிரண்டெண்ட், வார்டு இன்சார்ஜ், பட்டியல் போடும் மருத்துவர் ஆகியோருக்கானது.

தூக்கமின்மை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை ஓர் அளவுகோலில் பார்க்கலாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலக் குறைந்துவிடுகின்றன என்று தூக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. 24 மணி நேரமானால் 0.10 சதவீதம். இந்தியாவில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பே 0.03 சதவீதம்தான். அந்த நிலையில் ஒருவர் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கும் நார்அட்ரீனலின் மருந்து நரம்பில் ஏறும் (இன்ஃப்யூஷன்) வேகத்தை மாற்றுகிறார், பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

நைட் டியூட்டியை மூன்றாகப் பிரியுங்கள்

கவச உடை போட்டு வார்டுக்குள் இருக்கும் நேரம் ஒரு முறைக்கு 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கோடையில், ஏசி இல்லாத வார்டில் அதுவே அதிகம். 12 மணி நேர இரவுக்கு 9 நர்ஸ்கள் இருந்தால் மூவர் கொண்ட மூன்று அணிகளாக்கலாம். இரவு 8 முதல் 12 வரை முதல் அணி வார்டுக்குள், இரண்டாம் அணி வெளியே மேசையில், மூன்றாம் அணி ஓய்வில். 12 முதல் 4 வரை முதல் அணி ஓய்வு, இரண்டாம் அணி உள்ளே, மூன்றாம் அணி மேசையில். 4 முதல் 8 வரை முதல் அணி மேசை, இரண்டாம் அணி ஓய்வு, மூன்றாம் அணி உள்ளே.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். இதில் தூங்கி எழுந்தவர் யாரும் நேராக நோயாளியிடம் போவதில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு முதல் அரை மணி நேரம் மூளை மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் மருந்துக் கணக்கு தப்பும். மேசை வேலை என்பது கேஸ் ஷீட் எழுதுவது, லேப் ரிப்போர்ட் வாங்குவது, மருந்தும் பொருளும் கேட்டு இண்டென்ட் போடுவது, குடும்பத்தாரிடம் போனில் பேசுவது. மூன்றாம் அணிக்குத்தான் இதில் நஷ்டம்: இரவு 8 மணிக்குப் படுத்தால் பலருக்குத் தூக்கம் வராது, உடல் மிகத் தளரும் விடியற்காலையில் உள்ளே நிற்க வேண்டும். அதனால் அணிகளின் இடத்தை ஒவ்வோர் இரவும் சுழற்றுங்கள். மாறும்போது 15 நிமிடம் இரு அணிகளும் உள்ளே சேர்ந்திருக்க வேண்டும். ஹேண்ட் ஓவரைக் கட்டில் கட்டிலாக, சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் சதவீதம்), கொடுக்கும் ஆக்ஸிஜன் அளவு, ஓடும் இன்ஃப்யூஷன் ஆகிய மூன்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறையில் 9 பேர் கிடைக்காத இடங்களே அதிகம். 6 பேர் இருந்தால் இருவர் இருவராக இதே முறை ஓடும், ஆனால் உள்ளே இருவர் போதாத இரவுகள் வரும். அப்போது வெட்ட வேண்டியது மேசை வேலையை. கேஸ் ஷீட்டில் ஒரே விவரத்தை மூன்று இடத்தில் எழுதுவதை நிறுத்துங்கள், குடும்பத்துக்குப் போன் செய்வதைப் பகல் அணியிடம் கொடுங்கள். ஓய்வு நேரத்தில் கை வைக்காதீர்கள்.

சுழற்சி காலை, மாலை, இரவு என்ற திசையில் போகட்டும். இரவிலிருந்து நேராக மாலைக்கு இழுத்தால் உடல் பழகுவது கடினம். ஒரு டியூட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 11 மணி நேரம். தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் வேண்டாம், அதன்பின் இரண்டு நாள் முழு ஓய்வு. நைட் ஆஃப் கொடுத்துவிட்டு அன்று மதியம் மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் அது ஆஃப் இல்லை.

உடம்பு

கவச உடைக்குள் போகும் பலர், குறிப்பாகப் பெண்கள், கழிவறை போக முடியாதே என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வேர்வையில் நீர் போய்க்கொண்டே இருக்கும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல். அது பதற்றம் போலவே தெரியும். உள்ளே போகுமுன் அரை மணி நேரத்துக்குள் அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, கழிவறை போய்விட்டு உடை போடச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் உப்புப் போட்ட மோர், அல்லது ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைத்தது. பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு மிஞ்சி வாந்தி வரும். மாதவிடாய் நாட்களில் உள்ளே நிற்கும் நேரத்தை 2 மணியாகக் குறைக்க, காரணம் கேட்காமல் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இருக்கட்டும்.

தொற்று ஒட்டும் வாய்ப்பு உடையைக் கழற்றும்போதுதான் அதிகம், களைப்பும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அவசரத்தில் முகமூடியை முதலில் இழுத்துவிடுவார்கள். உடை கழற்றும் (டாஃபிங்) அறையில் ஒருவர் எதிரே நின்று ஒவ்வொரு படியையும் சொல்ல வேண்டும்; முகமூடி கடைசியில், அறையை விட்டு வெளியே வந்தபின்.

இரவில் 12 மணிக்கு இட்லி, உப்புமா போன்ற லேசான உணவு போதும். டீ, காபியை வீட்டில் படுக்கப்போகும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். காலை 9 மணிக்குத் தூங்குபவருக்கு 3 மணி டீதான் கடைசி. பைக்கில் வந்தவர்களுக்கு மருத்துவமனை வண்டி ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் கிளம்புமுன் ஓய்வறையில் 20 நிமிடம் கண்ணயரவும், அதன்பின் ஒரு கால் மணி நேரம் முகம் கழுவி உட்கார்ந்திருக்கவும் இடம் கொடுங்கள். ஓய்வறைக்கு வேண்டியவை: கட்டில், மின்விசிறி, கனமான திரை, உள்தாழ்ப்பாள் உள்ள கழிவறை, கைபேசிக்குச் சார்ஜர். தூய்மைப் பணியாளர்களும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் பிணவறையில் வேலை செய்பவர்களும் அதே அறையைப் பயன்படுத்த வேண்டும். பிணத்தைப் பையில் கட்டுபவருக்கு ஓய்வறை இல்லாமல், அதைப் பதிவு செய்பவருக்கு மட்டும் இருப்பது அநியாயம்.

மனசு

சாவுச் செய்தி சொல்லும் வேலை ஒருவர் தலையிலேயே விழுந்துவிடும். நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்று எல்லோரும் அவரிடமே போனைக் கொடுப்பார்கள். ஒரு டியூட்டியில் ஒருவருக்கு இரண்டு அழைப்புகளுக்கு மேல் வேண்டாம், மேசையில் ஒரு தாளில் யார் பேசினார் என்று குறித்துவையுங்கள். பேசியவர் பத்து நிமிடம் வெளியே போய் வரட்டும்.

அணியில் ஒருவர் நோயாளியாகிச் சேர்ந்தாலோ, ஒரே இரவில் பலர் இறந்தாலோ, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைக்க வேண்டாம். கட்டாயப்படுத்தி ஒரே அமர்வில் கொட்டவைப்பது பயன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உளவியல் முதலுதவி எளிமையானது: பார், கேள், இணை. யார் தனியாக ஒதுங்குகிறார் என்று பார்ப்பது, அவர் பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேட்பது, தேவையான ஆளிடம் சேர்ப்பது. டியூட்டி தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடியைக் குறித்துவிடுங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று ஒருவரையொருவர் கேட்பது ஜோடியின் வேலை. சீனியரும் ஜூனியரும் ஜோடியானால் ஜூனியர் வாய் திறக்க மாட்டார், சமவயதுக்காரர்களைச் சேருங்கள்.

கவனிக்க வேண்டியவை: கணக்கு சரிபார்த்த மருந்தை மறுபடி மறுபடி பார்ப்பது, முன்பு பொறுமையாக இருந்தவர் அட்டெண்டரிடம் சீறுவது, திடீர் விடுப்புகள், மது, தானாகவே தூக்க மாத்திரை எடுத்துக்கொள்வது. கடைசியாகச் சொன்னது மருத்துவமனையில் எளிதில் நடக்கும், எளிதில் மறையும்.

பேச்சைத் தனியிடத்தில் தொடங்குங்கள்: "சிஸ்டர், ரெண்டு மூணு நாளா நீங்க சரியா சாப்பிடலை, யார்கிட்டயும் பேசலை. என்ன ஆச்சு?" பதில் வரும்வரை காத்திருங்கள். எதிலும் ஆர்வமில்லை, மனம் இருண்டு கிடக்கிறது என்பது இரண்டு வாரங்களாக நீடித்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. "ஆமா" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள், மருந்து அலமாரிச் சாவியைச் சத்தமில்லாமல் வேறொருவரிடம் மாற்றுங்கள், அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 நாள் முழுதும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. இந்தப் பேச்சு எதுவும் பணிக்கோப்பில் ஏறக் கூடாது. ஒருமுறை ஏறினால் அடுத்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெளியே நடக்கும் அவமானமும் சோர்வில் சேரும். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. அதே மாதம் தொற்றுநோய்ச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கு 3 மாதம் முதல் 5 ஆண்டு வரையும், கொடுங்காயம் என்றால் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரையும் சிறை என்றது. வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார், பக்கத்து வீட்டார் மிரட்டுகிறார் என்று ஒருவர் சொன்னால் ஆறுதல் சொல்லி நிறுத்தாதீர்கள்; புகாரை நிர்வாகமே எழுதி, அவருடன் காவல் நிலையத்துக்கு ஒருவரைத் துணைக்கு அனுப்ப வேண்டும்.

அலை தணிந்தபின் உடனே பழைய நிலுவை அறுவை சிகிச்சைகளைக் குவிக்காதீர்கள். ஓட்டம் நின்றபிறகுதான் பலருக்குக் கெட்ட கனவும் திடுக்கிடலும் தொடங்கும். ஒவ்வொருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்பு, அணி அணியாக. திரும்பி வந்த முதல் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் அதே ஜோடி, சாப்பிட்டாரா, தூங்கினாரா என்ற அதே இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்.