தீபாவளிக்கு மறுநாள்: மிச்ச உணவில் நாம் செய்யும் தவறுகள்

திறந்த இல்ல உபசரிப்பு முடிந்த இரவில் பினாங்கின் தமிழ் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தால் அடுப்படி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பெரிய அண்டாவில் கால்வாசி ஆட்டிறைச்சிப் பிரட்டல், இன்னொன்றில் கோழிக் குழம்பு, அரைப் பானை பிரியாணி, அடியில் தங்கிய சாம்பார், ஒரு வாளித் தோசை மாவு, தட்டு நிறைய உளுந்து வடை. கடைசி விருந்தாளியை வழியனுப்பும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவோம்.

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. மிச்ச உணவை வைத்துப் புதிதாக என்ன செய்யலாம் என்று மறுநாள் காலையில்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். அது நல்ல பலகாரமாக மாறுமா, குப்பைக்குப் போகுமா, வயிற்றைக் கெடுக்குமா என்பது முந்தைய இரவே முடிவாகிவிட்டிருக்கும்.

"ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்"

நான் வளர்ந்த வீட்டில் இரவுக் குழம்பை அடுப்பிலேயே விட்டு, விடிந்ததும் ஒரு கொதி விடுவது வழக்கம். அம்மாவின் கையில் அது கெட்டுப்போனதாக எனக்கு நினைவில்லை. அந்தக் குழம்பு ஐந்தாறு பேருக்கான சிறு சட்டியில் இருந்தது. கெட்டிப் புளிக்கரைசலும் மேலே மிதக்கும் நல்லெண்ணெயும் அதற்குக் காவல். தேங்காய்ப்பால் சேர்ந்திருக்காது. இன்று நாம் உபசரிப்புக்கு வைப்பது பத்துக் கிலோ இறைச்சி. தேங்காய்ப்பாலும் முந்திரி விழுதும் சேர்ந்த கெட்டிக் குழம்பு. அந்த அண்டாவின் நடுப்பகுதி ஆறுவதற்குள் விடிந்துவிடும். பழக்கத்தை மட்டும் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டு, குழம்பை மாற்றிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி விட்ட ஆட்டுக்கறியைக் காலை எட்டு மணிக்குச் சூடாக்கித் தோசையோடு பரிமாறினேன். ஓரத்தில் குமிழி விட்டது. போதும் என்று இறக்கினேன். மணத்திலும் ருசியிலும் ஒரு குறையும் இல்லை. மாலைக்குள் வீட்டில் மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எழுபதைத் தாண்டிய என் மாமியார். அவருடைய கட்டிலருகே விடிய விடிய உட்கார்ந்திருந்த அந்த இரவுக்குப் பிறகு, இந்த விஷயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

நடப்பது இதுதான். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சமையல் கொதிநிலையிலும் சாவதில்லை. குழம்பு மெல்ல ஆறும்போது அவை விழித்துக்கொள்கின்றன. 45 டிகிரி செல்சியஸ் அளவில் அந்த நுண்ணுயிரி பத்து நிமிடத்துக்குள்ளாகவே இரட்டிப்பாகக்கூடியது. கெட்டியான இறைச்சிக் குழம்பின் அடியில், காற்றுப் புகாத இடம் அதற்குத் தோதான வீடு. மறுநாள் அண்டா முழுவதும் 74 டிகிரிக்குச் சூடேறினால் பெருகியவை செத்துவிடும். ஓரம் கொதித்து நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் அத்தனையும் உயிரோடு வயிற்றுக்குள் போகும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். எங்கள் வீட்டில் நடந்ததும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.

பேசில்லஸ் சீரியஸ் இதைவிடப் பிடிவாதக்காரன். சோற்றிலும் மாவுப் பண்டங்களிலும் அது பெருகும்போது விடும் வாந்தி நஞ்சை எத்தனை கொதி விட்டாலும் அழிக்க முடியாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஊசிப்போன வாடை வேறு கிருமிகளின் வேலை. ஆகவே "வாடை வரவில்லை, சாப்பிடலாம்" என்பதும் ஒரு தவறுதான்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் இவை செழிக்கின்றன. சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், கூடாரத்தின் கீழ் நண்பகலிலிருந்து மேசை போட்டுப் பரிமாறுகிறோமே, அந்த வெக்கைக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். மேசையில் மாலைவரை கிடந்ததை மிச்சம் என்று எடுத்து வைப்பதில் பொருளில்லை. அண்டாவை ஆவி பறக்க அடுப்பிலேயே வைத்து, மேசைக்குச் சிறு பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போனால், இரவில் மிஞ்சுவது உண்மையிலேயே நல்ல உணவாக இருக்கும்.

அண்டாவோடு குளிர்பெட்டிக்குள்

அடுத்த தவறு, புத்திசாலித்தனம்போல் தோன்றுவது. சூடான அண்டாவை அப்படியே குளிர்பெட்டியில் ஏற்றிவிடுவார்கள். பெட்டியின் உள்வெப்பம் ஏறி, பக்கத்திலிருக்கும் பாலும் தயிரும் கெடும். அண்டாவின் நடுப்பகுதியோ மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். இதற்குப் பயந்து, முழுவதும் ஆறட்டும் என்று நான்கைந்து மணி நேரம் வெளியே விடுவது இன்னும் மோசம்.

குழம்பை அகலத் தட்டுகளில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் நிரப்பி அதில் தட்டை வைத்துக் கிளறினால் அரை மணி நேரத்துக்குள் சூடு தணிந்துவிடும். உடனே மூடி உள்ளே வையுங்கள். இதற்கு இடம் வேண்டுமே என்பீர்கள். தீபாவளியன்று குளிர்பெட்டியை அடைத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் குளிர்பானப் புட்டிகள். அவற்றைக் காலையிலேயே ஐஸ் போட்ட தொட்டிக்கு மாற்றிவிட்டால் இரண்டு தட்டு காலியாகும்.

மறுநாள் எடுக்கும்போது ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். மொத்தத்தையும் சூடாக்கி, மிச்சத்தை மறுபடி உள்ளே வைத்து, இரவில் மறுபடி சூடாக்குவதால் ஒவ்வொரு முறையும் அந்த ஆபத்தான சூட்டைக் குழம்பு இரண்டு தடவை கடக்கிறது. இறைச்சிக் குழம்புகளை மூன்று நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது.

சோற்றுக்கு அந்த மூன்று நாள் கிடையாது. பிரியாணியோ வெறும் சோறோ, சீக்கிரம் ஆற வைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் ஒரே ஒரு முறை சூடாக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும். சோற்றுப் பானையின் மின்சாரத்தை அணைத்துவிட்டு இரவு முழுவதும் மூடி வைத்த சோற்றை நான் இப்போது தொடுவதில்லை. "பழைய சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்" என்று கேட்பவர்களுக்கு: பழையது என்பது ஆறிய சோற்றில் உடனே நல்ல தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது. அந்தப் புளிப்பைத் தரும் நுண்ணுயிரிகள் மற்றவற்றை அடக்கி வைக்கின்றன. நெய்யும் இறைச்சியும் சேர்ந்த பிரியாணியை நீரில் ஊறப் போட்டால் அது பழையது ஆகாது.

பிரியாணியைச் சூடாக்க மறுபடி எண்ணெய் ஊற்றி வதக்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஏற்கெனவே நெய் குடித்த அரிசி அது. இட்லிச் சட்டியில் ஈரத்துணி விரித்து, நன்றாக ஆவி பறக்கும்வரை வேக வைத்தால் புதிதாகத் தம் போட்டதுபோல் உதிரும். பிள்ளைகளுக்கு என்றால் நாசி கோரெங் பட்டாயாவைப் போல மெல்லிய முட்டை அடைக்குள் பொதிந்து கொடுங்கள், எலும்பை எடுத்துவிட்டு.

எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டுவது

பினாங்குக்காரர்களான நமக்கு இந்த ஆசை வருவது இயல்பு. நாசி கண்டார் கடையில் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, தால்ச்சா என்று நாலைந்து குழம்பைச் சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றச் சொல்லிச் சாப்பிட்ட நாக்கு நமக்கு. அதையே வீட்டில் செய்ய நினைத்து மிச்சக் குழம்புகளை ஒன்றாகக் கொட்டுகிறார்கள். ஆனால் அங்கே குழம்புகள் கலப்பது தட்டில், சட்டியில் அல்ல. ஒவ்வொரு குழம்பும் தன் ருசியோடு தனித்தனியாக நின்று, சாப்பிடும் நேரத்தில்தான் சேர்கிறது. சட்டியில் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சோம்பும் தேங்காய்ப்பாலும் புளியும் மீன் வாடையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ஒரு பெயரும் இல்லாத பழுப்புக் குழம்பு மிஞ்சும். இன்னொரு சங்கடம்: கலந்த உணவின் வயது, அதில் மிகப் பழையதன் வயதுதான்.

கலக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் பொங்கலுக்கு மறுநாள் சுண்டக்கறி வைப்பார்கள். முந்தைய நாள் காய்கறிக் கூட்டுகளையும் குழம்பையும் சேர்த்து, நீர் வற்றச் சுண்டக் காய்ச்சுவது. அது சைவ விருந்தின் மிச்சம். ஒரே புளிப்பு, ஒரே மசாலாக் குடும்பம். அதனால் சேர்கிறது. பினாங்கு ஹொக்கியன் சீனர்கள் பெருநாள் விருந்தின் மிச்ச இறைச்சிகளை வைத்துச் சமைக்கும் சாய் போய் இன்னும் கற்றுத் தருகிறது. வாட்டிய இறைச்சித் துண்டுகளோடு கட்டுக் கட்டாகப் பச்சைக் கடுகுக்கீரை, அசாம் கெப்பிங் என்ற உலர்ந்த புளித்துண்டு, காய்ந்த மிளகாய். கொழுப்பைப் புளிப்பு அறுக்கிறது; உப்பைக் கீரை வாங்கிக்கொள்கிறது. மிச்சத்துக்குப் புதிய காய் ஒன்றும் ஒரு புளிப்பும் கொடுத்தால் அது வேறு உணவாகிறது என்பதை நான் அந்தச் சட்டியில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதே முறையில் எங்கள் வீட்டில் கோழிக் குழம்பின் மிச்சத்தில் பயற்றங்காய், கத்தரிக்காய், கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்துக் கொதிக்க வைக்கிறோம். உப்பு போடுவதில்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: வற்ற வற்ற உப்பும் காரமும் ஏறும் என்பதை மறந்து, பழக்கத்தில் ஒரு கரண்டி மசாலாத் தூளும் உப்பும் அள்ளிப் போடுகிறார்கள். பச்சைத் தூள் வாடையடிக்கும், குழம்பு கைக்கும். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குத் தண்ணீரே ஆகாது. எலும்பு நீக்கிப் பிய்த்து, வெங்காயமும் முட்டையும் சேர்த்து, ரொட்டிக்குள் பொதிந்து சுடும் வீட்டு முர்த்தபாவுக்குப் பூரணமாக்கலாம். மீகூன் என்ற அரிசிச் சேமியாவை வறுக்கும்போது இறைச்சிக்குப் பதில் போடலாம். இரண்டும் அசல் விருந்தைவிட எனக்கு ருசியாகப் படுகின்றன.

மாவும் வடையும் பலகாரமும்

புளித்த தோசை மாவில் சர்க்கரையும் சோடா உப்பும் போட்டுப் புளிப்பை மறைக்கப் பார்ப்பதைவிட, கொஞ்சம் ரவையும் அரிசி மாவும் சேர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு குழிப்பணியாரம் ஊற்றினால் அந்தப் புளிப்பே ருசியாகிவிடும். தேங்காய்ச் சட்னியை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம். மேசையில் நின்ற சட்னிக்கு மறுநாள் கிடையாது.

உளுந்து வடையை நேராகக் குளிர்ந்த தயிரில் போடுவது தவறு. நடுவில் கல்லாகவே இருக்கும். சுடுநீரில் சில நிமிடம் ஊற வைத்து, உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்தபின் தயிரிலோ ரசத்திலோ போடுங்கள். மசால் வடை என்றால் உதிர்த்து வடகறி.

நமத்துப்போன முறுக்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே மேலும் ஈரம் குடிக்கும். மிதமான சூட்டில் சில நிமிடம் ஓவனில் காட்டி, முழுவதும் ஆறிய பிறகு டின்னில் அடைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். காறல் வாடை வந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது. உடைந்த முறுக்கைப் பொடித்து மீன் துண்டுகளில் புரட்டிப் பொரித்துப் பாருங்கள். கேசரியைச் சூடான பாலில் கரைத்துப் பாயசமாக்கலாம்.

கட்டிக் கொடுப்பதில்

மூன்றாம் நாள் குளிர்பெட்டியைக் காலி செய்வதற்காக அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது என் கண்ணில் பெரிய தவறு. கொடுப்பதென்றால் அன்றிரவே, உணவு நன்றாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும். வேலைக்கு வந்த உதவியாளர்களுக்கும் முதலிலேயே எடுத்து வையுங்கள். கடைசியில் தேங்கியதை அல்ல. சைவப் பெட்டிக்குத் தனிக் கரண்டி. மலாய்க்கார அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் பெட்டியில் ஹலால் அல்லாத எதுவும் பட்டிருக்கக் கூடாது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவர்களைக் காக்கிறது. ஆனால் கொடுக்கும்போது அது உண்ணத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு கொடுப்பவருடையதுதான். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள் உள்ள வீட்டுக்கு நான் மிச்சம் அனுப்புவதில்லை. அவர்களுக்குப் புதிதாகச் சமைத்ததையே கொடுத்துவிடுகிறேன்.

மூன்று நாளில் முடியாது என்று தெரிந்தால் முதல் இரவே உறைபெட்டிக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளை என்ற அளவில் தட்டையான பைகளில் கட்டி, மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். எழுதாத பை தைப்பூசம் வரைக்கும் அடியிலேயே கிடக்கும். கட்டும் முன் உருளைக்கிழங்கையும் அவித்த முட்டையையும் வெளியே எடுத்துவிட வேண்டும். உறைந்து இளகிய கிழங்கு மணல்போல் நொறுங்கும், முட்டையின் வெள்ளை ரப்பராகிவிடும். அவற்றை மறுநாள் காலைத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.