கருத்தடைக் குளிசை: முதல் மூன்று அட்டைகளைக் கடப்பது எப்படி?

குளிசை தொடங்கிய முதல் கிழமையில் ஓங்காளம் வந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்போம். "அது பழகிப்போகும்" என்பார். பாமசியில் கேட்டாலும் அதே பதில்தான். பதில் பிழையில்லை, ஆனால் அரைகுறை. எது பழகும், எவ்வளவு காலத்தில் பழகும், எதைப் பழக விடவே கூடாது என்பதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் இரண்டாவது அட்டையின் நடுவில் ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் நாள் தள்ளிப்போய் முழிப்பவர்கள் நம் ஊர் திருகோணமலையில் புதிதல்ல.

முதல் தடவையாகக் குளிசை போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிட்வைஃப் மிஸ்ஸோ டொக்டரோ பார்த்துத் தந்த குளிசை என்று வைத்துக்கொள்கிறேன். மச்சாளின் அட்டையைக் கடன் வாங்கிப் போடுகிறவர்கள் முதலாவது படியை இரண்டு தரம் வாசியுங்கள்.

படி 1: இது உங்களுக்கு ஏற்ற குளிசைதானா?

சாதாரணமாகக் கிடைப்பது கூட்டுக் குளிசை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹோர்மோன்களும் அதில் உண்டு. எல்லோருக்கும் அது பொருந்தாது. பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள், காலிலோ நெஞ்சிலோ இரத்தக் கட்டி வந்தவர்கள், ஈரல் வருத்தம் அல்லது மார்புப் புற்றுநோய் உள்ளவர்கள் இதைப் போடக்கூடாது. கண்ணுக்கு முன் மின்னலும் வளைகோடுகளும் தெரிந்து பிறகு ஒற்றைத் தலையிடி வருகிறவர்களுக்கும் ஆகாது, அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பொதுவாகப் புரோஜெஸ்டின் மட்டும் உள்ள குளிசையையோ வேறு முறையையோதான் தருவார்கள்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவர்களும், வலிப்புக்குக் கார்பமசெபின், ஃபெனிட்டோயின் போன்றவை எடுக்கிறவர்களும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த மருந்துகள் குளிசையின் வேலையைக் குறைத்துவிடும். சளிக்குத் தருகிற அமொக்சிசிலினால் அப்படி ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

பிரஷர் பார்க்காமல் குளிசை வாங்கியிருந்தால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ் கிளினிக்கில் ஒருக்கா பார்த்துவிடுங்கள். கை நீட்டி இரண்டு நிமிடம் இருந்தால் முடிகிற வேலை.

படி 2: அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

'மிதுரி' என்ற பெயரில் விற்கும் குளிசையோ, கிளினிக்கில் தந்ததோ, 28 குளிசை அட்டை என்றால் அநேகமாக 21 குளிசையில்தான் ஹோர்மோன் இருக்கும். கடைசி வரிசையில் நிறம் மாறி இருக்கும் 7 குளிசையும் இரும்புச்சத்து, அல்லது மருந்தில்லாத வெறும் குளிசை. எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் போவது என்று தாளில் அம்புக்குறி போட்டிருக்கும். அந்த ஏழும் எதற்கு என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அந்தக் கிழமையில் ஹோர்மோன் இறங்குவதால்தான் இரத்தம் படுகிறது, சிலருக்குத் தலையிடியும் வருகிறது. மலம் கறுப்பாகப் போவதும் மலச்சிக்கலும் இரும்புச்சத்தின் வேலை. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. அந்த ஏழில் ஒன்றிரண்டு தவறினால் கவலை வேண்டாம். ஆனால் அடுத்த அட்டையைத் தொடங்கும் நாள் தவறக்கூடாது.

அட்டையை ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழேயோ வெயில் விழும் ஜன்னல் விளிம்பிலோ வைக்காதீர்கள். பெட்டியில் 30 பாகைக்குக் கீழ் வைக்கச் சொல்லியிருந்தால், கச்சான் அடிக்கும் மாதங்களில் நம் வீடுகள் பகலில் அதைத் தாண்டிவிடும். உள்ளறை அலுமாரியில் துணிக்கு நடுவே வைக்கலாம். குளிரும், ஒளிக்கவும் வசதி.

படி 3: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

ஓங்காளத்துக்கு என் முதல் மருந்து நேரத்தை மாற்றுவது. காலையில் வெறும் தேத்தண்ணியோடு போட்டால் பத்து மணிக்கு வயிறு பிரட்டும். இரவு இடியப்பமோ பாணோ சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் படுத்தால், பிரட்டுகிற நேரத்தில் நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். ஒவ்வொரு நாளும் அதே நேரம் என்பதுதான் முக்கியம், போனில் அலாரம் வையுங்கள். சத்தம் வீட்டில் கேள்வி கிளப்பும் என்றால் இரவுச் செய்தி, பல் தீட்டுவது, இப்படி நாள் தவறாமல் செய்கிற ஒன்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்புக் காலத்தில் இதையே கேட்பார்கள். நோன்பு திறந்து வயிறாறச் சாப்பிட்ட பிறகு போடுங்கள், சஹர் அவசரத்தில் போட்டால் மறதிக்கும் சத்திக்கும் வாய்ப்புக் கூட. கந்தசஷ்டிக்கு ஒரு நேரச் சாப்பாட்டோடு இருக்கிறவர்கள் அந்த ஒரு நேரத்துக்குப் பிறகு போடலாம். நேரம் மாற்றுவதென்றால் முன்னுக்கு இழுங்கள், பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொரு குளிசை போட வேண்டும். சத்தியோ வயிற்றோட்டமோ இரண்டு நாள் நீண்டால் குளிசை தவறியதாகவே எடுத்துக்கொண்டு, அந்த நாட்களிலும் பிறகு 7 நாளுக்கும் ஆணுறை பாவியுங்கள்.

படி 4: கலண்டரில் ஒரு புள்ளி

வருட முடிவில் கடைக்காரர் தருகிற கலண்டர் போதும், ஆப் தேவையில்லை. இரத்தம் பட்டால் சிவப்புப் புள்ளி, தலையிடிக்கு ஒரு கோடு, சத்திக்கு ஒரு வட்டம். மீன்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசுக் கணக்குக்குப் பக்கத்தில் இருந்தால் மாமிக்கும் விளங்காது. கிளினிக்கில் "எப்போதிருந்து?" என்று கேட்கும்போது "கொஞ்ச நாளா" என்று இழுக்காமல் போனில் எடுத்த படத்தைக் காட்டலாம்.

படி 5: தொல்லைகளை ஒவ்வொன்றாக

அதிகம் பயப்படுத்துவது இடையில் இரத்தம் படுவது. உள்ளாடையில் மண்ணிறக் கறை, அல்லது இரண்டு மூன்று நாள் துளித்துளியாக. ஹோர்மோனால் கருப்பையின் உட்படை மெலிகிறது, அது புது அளவுக்குப் பழகும் வரை அங்கங்கே உதிர்கிறது. முதல் மூன்று அட்டைக்குள் அநேகருக்குக் குறையும். நிறுத்தினால் இன்னும் குழம்பும், தொடர்ந்து போடுவதே வழி. ஆனால் முதலில் ஒரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள்: நேற்றும் முந்தநாளும் நேரத்துக்குப் போட்டேனா? துளி படுவதற்கு மறந்த குளிசையும் ஒரு பொதுவான காரணம்.

மறந்தால் செய்ய வேண்டியதையும் இங்கேயே சொல்கிறேன். ஒன்று தவறினால் ஞாபகம் வந்த உடனே போடுங்கள், அதனால் ஒரே நாளில் இரண்டு போட நேர்ந்தாலும் சரி. அன்றைக்குக் கொஞ்சம் ஓங்காளம் இருக்கும், அவ்வளவுதான். இரண்டோ அதற்கு மேலோ தவறினால், கடைசியாகத் தவறியதை உடனே போட்டு, மற்றவற்றை விட்டுவிட்டு, வழமைபோல் தொடர்ந்து 7 நாள் ஆணுறை பாவியுங்கள். ஹோர்மோன் குளிசையின் கடைசிக் கிழமையில் இப்படி நடந்தால், இருக்கிற ஹோர்மோன் குளிசைகளை முடித்ததும் அந்த ஏழையும் தாண்டி நேரே புது அட்டைக்குப் போங்கள். முதல் கிழமையில் இப்படி இரண்டோ மேலோ தவறி, அண்மையில் உறவும் நடந்திருந்தால் அன்றைக்கே பாமசியிலோ மிட்வைஃபிடமோ அவசரக் குளிசை பற்றிக் கேளுங்கள். சாதாரணமாகக் கிடைப்பது உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது, பிந்தப் பிந்த அதன் பலன் குறையும்.

கோணேசர் கோயில் திருவிழா, வீட்டுக் கல்யாணம் என்றால் மாதவிடாயைத் தள்ளிப்போட வேறு குளிசை வாங்கிப் போடுவது நம்மிடம் வழக்கம். கூட்டுக் குளிசை போடுகிறவருக்கு அது தேவையில்லை. எல்லா ஹோர்மோன் குளிசையும் ஒரே நிறமாக உள்ள அட்டை என்றால், அந்த ஏழையும் விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினாலே தள்ளிப்போகும். இடையில் துளி படலாம். முதல் தடவை செய்யும்போது மிட்வைஃபிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தலையிடி கடைசிக் கிழமையில் மட்டும் வருகிறதா என்று கலண்டரைப் பாருங்கள். அப்படியென்றால் ஹோர்மோன் இறங்குவதுதான் காரணம். தண்ணீர், நித்திரை, தேவைப்பட்டால் பனடோல். ஒரு நாளைக்கு 8 பனடோலைத் தாண்டக்கூடாது. மார்பு நோவுக்குப் பொருத்தமான பிரா போதும், கட்டி தட்டுப்பட்டால் மட்டும் காட்டுங்கள்.

நிறை கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் மாதங்களில் உடம்பில் நீர் தேங்கி வயிறு ஊதினாற்போல் இருக்கும், அது உண்மை. கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் மூன்றையும் ஒரே சோற்றில் போடாமல் இருந்தால் வித்தியாசம் தெரியும். குளிசையே கொழுப்பு ஏற்றுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இந்தக் கதைகளில் பல பழைய காலத்து மிச்சம். 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் குளிசையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹோர்மோன் 150 மைக்ரோகிராம், இப்போது பரவலாக உள்ளவற்றில் 30 அளவுதான். பிள்ளை தங்காமல் போகும், குளிசை வயிற்றுக்குள் சேர்ந்து கிடக்கும் என்பதெல்லாம் வெறும் கதை. குளிசை கரைந்துவிடும். நிறுத்தினால் கர்ப்பம் உடனேயே தங்கலாம், இரண்டாவது அட்டையின் நடுவில் நிறுத்தியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

கன்னத்திலும் மேலுதட்டிலும் மண்ணிறப் படை வருவது சிலருக்கு. வெயில் அதைக் கூட்டும், நம் ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும். உப்புவெளியிலிருந்து டவுனுக்கு மத்தியானம் ஸ்கூட்டியில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் நம்பாமல் சன்கிரீமும் பூசுங்கள். குளிசையை நிறுத்தினாலும் அது முழுதாக மறையும் என்று இல்லை, ஆகவே தொடக்கத்திலேயே கவனியுங்கள்.

சட்டென்று எரிச்சல், காரணமில்லாத அழுகை, உறவில் நாட்டமின்மை. இவற்றை "உனக்கு வேலை இல்லாத குறை" என்று தள்ளிவிடுவார்கள், அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். கொஞ்ச நாளில் சீரானால் சரி. மனம் இருண்டே கிடக்கிறது, சாக வேண்டும்போல் இருக்கிறது என்றால் மூன்றாவது அட்டை வரை காத்திருக்காமல் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.

படி 6: பழக விடக்கூடாதவை

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாகி நோவது. திடீர் நெஞ்சு நோ, மூச்சு எடுக்க முடியாமை, சளியில் இரத்தம். என்றும் இல்லாத கடும் தலையிடி, பார்வை மங்குவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது. கடுமையான வயிற்று நோ, கண் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று வந்தாலும் குளிசையை நிறுத்திவிட்டு ஆசுபத்திரிக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இவை அரிதுதான். லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற புரோஜெஸ்டின் உள்ள கூட்டுக் குளிசை போடும் 10,000 பெண்களில் வருடத்துக்கு 5 முதல் 7 பேருக்கு இரத்தக் கட்டி வருகிறது, குளிசை போடாதவர்களில் 2 பேருக்கு. கர்ப்ப காலத்தில் அந்த ஆபத்து குளிசையால் வருவதை விடக் கூட. ஆனால் இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் காலை மடக்கியபடியே போகாதீர்கள். ஹபரணையிலோ தம்புள்ளையிலோ நிறுத்தும்போது இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள், பஸ்ஸுக்குள் இருக்கும்போது குதிக்காலை ஏற்றி இறக்குங்கள்.

ஆசுபத்திரியில் "என்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்று கேட்டால் குளிசையையும் சொல்லுங்கள். பக்கத்தில் மாமியோ அண்ணாவோ நிற்கிறார்கள் என்று விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. நெஞ்சு நோவோடு வந்தவருக்கு டொக்டர் எதைத் தேட வேண்டும் என்பதையே அந்த ஒரு வார்த்தை மாற்றும். கூச்சமாக இருந்தால் அட்டையைக் கைப்பையில் வைத்து நர்சிடம் தனியாகக் காட்டுங்கள்.

படி 7: மூன்றாவது அட்டை முடியும்போது

கலண்டரோடு மிட்வைஃப் மிஸ்ஸிடம் போங்கள். "குளிசை ஒத்துவரேல்ல" என்று மட்டும் சொன்னால் அவரும் "பழகும்" என்றுதான் சொல்வார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மிஸ், மூன்றாவது அட்டை முடியப்போகுது. ஒரு நாளும் தவறேல்ல. ஆனா இன்னும் நடுவில துளி படுது, இந்தா திகதி." அதற்குப் பிறகு அவர் பிரஷர் பார்ப்பார், தேவையானால் டொக்டரிடம் அனுப்புவார். வேறு ஹோர்மோன் சேர்ந்த குளிசை சிலருக்குப் பொருந்தும். ஈஸ்ட்ரோஜனே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் புரோஜெஸ்டின் குளிசை, மூன்று மாத ஊசி, கையில் வைக்கும் இம்பிளான்ட், கருப்பைக்குள் வைக்கும் லூப் என்று வழிகள் உண்டு. ஊசியிலும் இம்பிளான்டிலும் துளி படுவது வரும், லூப்பில் மாதவிடாய் கூடலாம், அதையும் கேட்டுக்கொண்டு தெரிவு செய்யுங்கள்.

மாற்று முறை கைக்கு வரும் வரை, ஆறாவது படியில் சொன்னவை எதுவும் இல்லையென்றால், இருக்கிற அட்டையை விடாமல் போடுங்கள். புது அட்டை கையிருப்பில் இல்லாமல் பழையதை முடிக்காதீர்கள். நீண்ட லீவு நாட்களில் கிளினிக் இருக்காது.