டீம் டைம் டிரையல்: யார் எத்தனை விநாடி இழுப்பது?

டீம் டைம் டிரையல் என்பது அணியாகச் சேர்ந்து கடிகாரத்தோடு ஓட்டும் சைக்கிள் போட்டி; மாறி மாறி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வதுதான் ‘இழுப்பது’. நால்வர் அணியில், எத்தனையாவது ஆளின் சக்கரம் கோட்டைத் தாண்டும்போது நேரத்தை எடுக்கிறார்கள் என்று விதியைப் பாருங்கள். நான்காவது என்றால் பலம் குறைந்தவரை விட்டுவிட்டு ஓட முடியாது. கணக்கு முழுக்க அவரைச் சுற்றித்தான்.

எஃப்.டி.பி.யை (ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) போட்டிக்குக் கொண்டுபோகும் சைக்கிளின் பவர் மீட்டரிலேயே (மிதிக்கும் வாட்டை அளக்கும் கருவி) எடுங்கள். மீட்டருக்கு மீட்டர் சில விழுக்காடு மாறும். ஏர்கோன் அறையில் டிரெய்னரில் வந்த எண், கோலாலம்பூர் புழுக்கத்தில் நிற்காது.

அடுத்து, காற்று மறைவில், அதாவது முன்னால் இருப்பவர் பின்னால் ஒட்டி ஓட்டும்போது, எத்தனை வாட் மிச்சம்? கெசாஸ் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடம் போன்ற இடத்தில், விடியற்காலையில், நேரான 2 கிலோமீட்டரைப் போகவும் வரவும் ஓட்டுங்கள். காற்றின் திசை அதில் சமன்படும். வரிசையில் இடம் மாறும்போதெல்லாம் சைக்கிள் கணினியின் லேப் பட்டனை அழுத்துங்கள். மோட்டார்கள் வரும் தடம், ஆகவே ஒற்றை வரிசை. வளைவும் சுரங்கமும் வரும் பகுதியை கோல்டன் சீட்டாவில் (ஓட்டப் பதிவை அலசும் மென்பொருள்) வெட்டிவிடுங்கள்.

மாதிரிக்கு: ஆளும் சைக்கிளும் 80 கிலோ, சி.டி.ஏ. (காற்றுத் தடையின் அளவு, சதுர மீட்டரில்) 0.25, உருள் தடை (டயர் உருள்வதில் வரும் தடையின் கெழு) 0.004. மணிக்கு 45 கிலோமீட்டரில் முன்னால் இருப்பவருக்கு ஏறக்குறைய 320 வாட், 46இல் 340. காற்றடர்த்தியை (கன மீட்டருக்குக் கிலோ) 1.15 என்று போடுங்கள். கணிப்பான்கள் பலவற்றில் இருக்கும் 1.225, 15 பாகைக் குளிருக்கு உரியது. அதை அப்படியே விட்டால் 18 வாட் கூடுதலாகக் காட்டும்.

பின்னால் இருப்பவருக்கு 215 வாட் என்று அளவில் வந்ததாக வைத்துக்கொள்வோம். நால்வரின் எஃப்.டி.பி. 280, 265, 250, 235. ஒவ்வொன்றிலும் 95 விழுக்காட்டை எடுத்து, 215ஐக் கழித்து, 105ஆல் (320க்கும் 215க்கும் உள்ள இடைவெளி) வகுத்தால் 0.49, 0.35, 0.21, 0.08. ஒருவர் முன்னால் இருக்கக்கூடிய நேரப் பங்கு இது. கூட்டினால் 1.13. ஒன்றுக்குக் குறைந்தால் அந்த வேகம் உங்கள் அணிக்கு ஆகாது. வேகத்தை மணிக்கு அரை கிலோமீட்டர் குறைத்து மறுபடி போடுங்கள்.

நான்காமவரின் 0.08, 90 விநாடிச் சுற்றில் எட்டு விநாடிகூடத் தேறாது. அவர் இழுக்கவே வேண்டாம், வாலிலேயே இருக்கட்டும். மற்ற மூவரின் பங்கே 1.05 வருகிறது. 90 விநாடிச் சுற்றில் 42, 30, 18 விநாடி. இழுத்து முடித்து விலகி வருபவருக்கு, வாலில் இருப்பவர் தன் முன்னால் இடம் விட வேண்டும், இதைப் பழகாமல் போட்டிக்குப் போகாதீர்கள்.

தாளில் சரியாக இருப்பது ரோட்டில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: முன்னால் வந்ததும் பலசாலி 47க்கு ஏற்றிவிடுவார். அவருக்கு அது 40 வாட் கூடுதல். விலகிப் பின்னால் ஒட்டப் போகிறவரோ எஃப்.டி.பி.யைத் தாண்டி எகிறி ஓட வேண்டியிருக்கும். பலம் இருந்தால் விநாடியைக் கூட்டட்டும், வேகத்தைத் தொடக்கூடாது. முன்னால் இருப்பவர் திரையில் வேகம் மட்டும் போதும்.

மேம்பால ஏற்றத்தில் மட்டும் இது தலைகீழ்: வேகம் விழட்டும், வாட்டைப் பிடியுங்கள். அங்கே காற்று மறைவு அவ்வளவாக உதவாது, வாலில் இருப்பவர்தான் முதலில் அறுந்து விழுவார். பக்கக் காற்று இருந்தால், காற்று வரும் பக்கமாக விலகுங்கள்.